எல்லா வயதினருக்கும் மறைக்கல்வி: நடத்திய அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

இயேசுவுக்கே புகழ்! சென்னை காசிமேட்டுப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஆலயச் சமூகத்தில்) மறைக்கல்வி, அதாவது விசுவாசப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் புதுநன்மை (முதன்முதலாக நற்கருணை வாங்குவது) வரை ஒழுங்காக வருகிறார்கள். உறுதிப்பூசுதல் (விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் அருட்சாதனம்) முடிந்ததும் ஆளையே காணோம். பெரியவர்களுக்கோ வகுப்பு என்று எதுவுமே இல்லை. போன வாரம் ஒரு பாட்டி, பேத்தியின் புத்தகத்தை வாங்கி, தூய ஆவியின் ஏழு கொடைகளை விரல்விட்டு எண்ணி வாசித்தார். அப்புறம், "எங்களுக்கும் இப்படி வைக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஞாயிறு நற்செய்தி மத்தேயு, மாற்கு, லூக்கா என்று 3 ஆண்டுச் சுழற்சியில் வருகிறது அல்லவா? அந்த வார நற்செய்தியை எல்லாரும் சேர்ந்து கேட்டுவிட்டு, வயதுவாரியாகப் பிரிந்து பேசலாம் என்று யோசனை. சிக்கல் நேரம்தான். ஞாயிறு காலை மீன் வியாபாரம் உச்சத்தில் இருக்கும், பாதி வீடுகள் துறைமுகத்தில். மாலையில் அன்பியக் கூட்டத்தோடு (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி செபிப்பது) சேர்த்து வைத்தால் சரிவருமா?

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், எண்ணூர் பக்கம் யாராவது நடத்தியிருந்தால் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களை எப்படிச் சேர்த்துக்கொண்டீர்கள்? எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். எளிய தமிழில் பாடக்குறிப்பு இருந்தாலும் இங்கேயே போடுங்கள். பங்குத்தந்தை சம்மதித்துவிட்டார், திருவருகைக் காலத்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில்) தொடங்க ஆசை.