மறு: ‘ஃப்ளைபேப்பர் எஃபெக்ட்’ – ‘செலவொட்டல்’ என்று ஆளலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

‘ஃப்ளைபேப்பர் எஃபெக்ட்’ (flypaper effect) என்ற பொருளியல் கலைச்சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு என் கருத்து இது. மேலரசிடமிருந்து உள்ளாட்சிக்கு நிபந்தனையின்றி வரும் மானியம் ஊராரின் வருமானம் உயர்ந்ததற்குச் சமம் என்றும், ஆகவே அதில் பெரும்பகுதி வரிக்குறைப்பாக அவர்களிடமே திரும்ப வேண்டும் என்றும் ஏட்டுக் கணக்கு சொல்கிறது. நடப்பிலோ அப்பணம் பெரிதும் உள்ளாட்சியின் செலவாகவே நின்றுவிடுகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்தர் ஓக்கன் சூட்டியதாகச் சொல்லப்படும் ‘ஃப்ளைபேப்பர்’ என்ற பெயர் இதற்குத்தான்: ஈ பிடிக்கும் பசைத்தாளில் ஈ ஒட்டுவதுபோல, பணம் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது.

முன்மொழியப்பட்டவற்றுள் ‘ஈத்தாள் விளைவு’, அந்தத் தாளைக் கண்டிராதவருக்கு எதையும் உணர்த்தாது. ‘நிதித் தேக்கம்’ செலவாகாமல் கிடக்கும் பணத்தைக் குறிப்பதால் பொருளே தலைகீழாகிறது. ‘நிதிப்பற்று’ பேரேட்டின் பற்று வரவோடு மோதும். ‘கட்டுநிதி’ வேறொன்று: பதினைந்தாம் நிதிக்குழு (2021–26), பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகையுள்ள நகரங்களுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் ஒதுக்கிக் கட்டியது, அங்கே பணம் ஒட்டுவது விதியால். எஞ்சிய 40 விழுக்காடும் செலவிலேயே ஒட்டிக்கொண்டால்தான் நாம் தேடும் சொல்லுக்கு வேலை வருகிறது.

எங்கள் கடற்கரையில் இதைக் கூர்ந்து பார்க்கலாம். இராமேசுவரத்தில் யாத்ரிகர் கூட்டத்துக்கான குடிநீர், குப்பை, விளக்குச் செலவுகள் நகராட்சியின் தலையில் விழுகின்றன. ஆனால் கோயிலுக்குச் சொத்துவரி இல்லை, இரயில்வே முதலான ஒன்றிய அரசுச் சொத்துகளுக்கோ அரசமைப்பின் 285ஆம் உறுப்பு விலக்களிக்கிறது. மண்டபம், தொண்டி போன்ற பேரூராட்சிகளுக்கும் சொந்த வருவாய் மெலிந்ததே. இத்தகைய ஊர்களில் வரியைக் குறைக்க எவரும் நினைப்பதில்லை. மானியம் எந்தத் தலைப்பில் வருகிறதோ அந்தத் தலைப்பே நகரம் எப்பக்கம் வளரும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் கரையோரக் கட்டடங்களுக்கு வரம்பிடுவதால், குழாயும் சாலையும் தனுஷ்கோடி நெடுஞ்சாலையை ஒட்டிய மனைப்பிரிவுகளை நோக்கி நீள்வது எளிதாகிறது. நகரின் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) பிறகுதான் வரும் (வந்தால்).

ஆகவே ‘செலவொட்டல்’ என்பதை முன்வைக்கிறேன். பணம் ஒட்டும் இடம் செலவு என்பது சொல்லிலேயே இருக்கிறது; ‘செலவொட்டல் அளவு’, ‘செலவொட்டும் மானியம்’ எனக் கிளைக்கவும் செய்யும். ‘ஒட்டு’ என்று மட்டும் நிறுத்தினால் நகராட்சிக் கட்டுரையில் அதை ‘ஓட்டு’ என்றே அச்சிடுவார்கள்.

மானியம் நின்ற பிறகும் செலவு இறங்காதிருப்பதை ஆய்வாளர் தனியே பிரித்துப் பேசுகின்றனர். அதற்கு ‘இறங்காச் செலவொட்டல்’ பொருந்துமா, வேறு வேர் தேட வேண்டுமா என்பதை உறுப்பினர்கள் எழுதுங்கள்.