புதுப்பிப்பு: ஸ்டேட் டயகிராமிலிருந்து மோட்டார் ப்ரோக்ராம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு போர்வெல் மோட்டாருக்கு, ஸ்டேட் டயகிராம் (மோட்டார் எந்தெந்த நிலையில் இருக்கலாம், எப்போது நிலை மாறும் என்று பெட்டிகளும் அம்புக்குறிகளுமாகக் காட்டும் படம்) வரைந்தால் அதிலிருந்தே சி++ ப்ரோக்ராம் கோடு தானாக வருமா என்று முன்பு கேட்டிருந்தேன். வருகிறது. க்யூஎம் என்ற டூலில் வரைந்தேன்.

பெரிய லாபம், நிலைக்குள் நிலை. 'ஓடுகிறது' என்ற பெரிய பெட்டிக்குள் 'ஸ்டார்ட் ஆகிறது', 'தண்ணீர் வருகிறது' இரண்டையும் வைத்துவிட்டேன். மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போனால் 'நின்றது' நிலைக்குப் போகும் அம்புக்குறி, பெரிய பெட்டியில் ஒன்று போட்டால் போதும்; உள்ளே இருப்பவற்றுக்கும் அதுவே. ரிலேயை (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) ஆஃப் செய்யும் வரியும் அந்தப் பெட்டியை விட்டு வெளியேறும்போது நடக்கும் செயலாக ஒரே இடத்தில். எந்த வழியில் வெளியே வந்தாலும் மோட்டார் நிற்கும். இதை 1987-லேயே கணினி விஞ்ஞானி டேவிட் ஹாரல் எழுதிவிட்டார்; நாம்தான் இன்னும் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாகக் கையால் எழுதும் ஸ்விட்ச்-கேஸோடு மாரடிக்கிறோம்.

"வந்த கோட்டில் கை வைக்கலாமா?" என்று சித்தூர் அண்ணன் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் அண்ணா, அடுத்த முறை ஜெனரேட் செய்ததும் அது போய்விடும். திருத்தம் படத்தில்தான்.

சென்சாரைப் படிக்கும் பகுதி மட்டும் கையால் எழுதியது. அப்புறம், தண்ணீர் வற்றினால் எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஓட்டுவது? அதை எந்த டூலும் சொல்லாது. அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.