நிட் பண்ணினால் சொலிட் ஆக மறுக்கிறது (டெயில் லேம்ப் கவர்)

வெள்ளவத்தைப் பொடியன்:

அண்ணாமாருக்கு வணக்கம். இரத்மலானையில் ஒரு சின்ன மோல்ட் (வார்ப்பு அச்சு) வேர்க்ஷொப்பில் டிசைன் செய்கிறேன். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்கும் ஒருவர் பழைய வான் ஒன்றின் டெயில் லேம்ப் கவருக்கு மோல்ட் கேட்டிருக்கிறார். யாரோ ஸ்கேன் எடுத்து வரைந்த ஐஜெஸ் (IGES, டிசைன் மென்பொருள்களுக்கிடையே மாற்றிக்கொள்ளும் வகை) பைல் ஒன்றையும் தந்தார். சொலிட்வேர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருளில் திறந்தால் 41 சேர்பேஸ் (தடிப்பில்லாத மேற்பரப்புத் துண்டு), ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கிடக்கின்றன.

எல்லாவற்றையும் பிடித்து நிட் (துண்டுகளை விளிம்போடு விளிம்பு தைக்கும் கட்டளை) போட்டேன். அதில் கிரியேட் சொலிட் (உள்ளே நிரம்பிய திண்மமாக்கு) டிக் போட்டால் முடியாது என்கிறது. டொலரன்ஸை (எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்ற அளவை) 0.0025 மில்லிமீற்றரிலிருந்து ஏற்றிக்கொண்டே போனேன்; 0.1 இல் 39 சேர்ந்தன, மிச்சம் இரண்டும் அசையவில்லை. சரி, சேர்ந்ததையாவது உள்பக்கமாக 2.5 மில்லிமீற்றர் திக்கன் செய்வோம் (தடிப்புக் கொடுப்போம்) என்றால் அதுவும் எரர். வந்த பைலின் பிழைகளைத் திருத்தும் இம்போர்ட் டயக்னோஸ்டிக்ஸ் மங்கலாகக் கிடக்கிறது, கிளிக் பண்ணவே விடுகிறதில்லை. மூன்று நாள் போய்விட்டது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்க்கும் பார்வை சரியில்லை.

மோல்ட்காரன்:

தம்பி, முதலில் அந்தக் கவரைத் திருப்பிப் பின்பக்கம் பாரும். வெளித்தோல் மட்டும்தானே வரைந்திருக்கிறார்கள்? பின்னால் திறந்து கிடக்கும் தோல் எப்படிச் சொலிட் ஆகும்? எல்லாப் பக்கமும் மூடினால்தான் ஆகும். அந்த டிக்கை எடுத்துவிடும். உமக்கு வேண்டியது ஒற்றைத் தோல், அப்புறம் திக்கன்.

டொலரன்ஸை ஏற்றுவது காய்ச்சலுக்குப் பனடோல் போடுகிற மாதிரி. 0.1 இடைவெளியை மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிடும். பிறகு மோல்ட் வெட்டும் கட்டர் அந்த இடத்தில் கோடு விழுத்தும். லேம்ப் கவர் பளபளக்கிற சாமான், கோடு ஒளியில் தெரியும். 0.0025 க்கே திரும்பி வந்து, நிட்டின் கப் கொன்ட்ரோல் பட்டியலில் எந்த விளிம்பில் எவ்வளவு இடைவெளி என்று பாரும்.

டயக்னோஸ்டிக்ஸ் மங்கலாக இருப்பது நீர் இம்போர்ட்டுக்கு மேல் வேறு பீச்சர் (நிட் மாதிரி ஒரு படி) போட்டதால். பைலைப் புதிதாகத் திறந்து, ஒன்றும் போடாமல் ஓடவிடும்.

ரைனோ பிரியன்:

அசையாத இரண்டில் ஒன்று இரட்டையாக இருக்கலாம். ஒரே இடத்தில் ஒரே சேர்பேஸ் இரண்டு தரம். கண்ணுக்குத் தெரியாது. ஒரு விளிம்பில் மூன்று முகம் வந்தால் தோலாகத் தைக்க முடியாது. ஒவ்வொன்றாக மறைத்துப் பாருங்கள். மறைத்த பிறகும் அந்த இடம் அப்படியே இருந்தால் கீழே இன்னொன்று இருக்கிறது.

ஸ்டெப்பாக (STEP, இன்னொரு பைல் வகை) மாற்றச் சொல்லி ஆட்கள் வருவார்கள். இந்த ஐஜெஸையே ஸ்டெப்பாகச் சேமித்துப் பயனில்லை, பிளந்தது பிளந்தபடிதான் போகும். வரைந்தவரிடம் மூல பைல் இருந்தால் அதிலிருந்து ஸ்டெப் எடுக்கச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தைப் பொடியன்:

அண்ணா, இரட்டைதான்! முன்வளைவில் ஒன்றை மறைத்தேன், அச்சொட்டாக அதே சேர்பேஸ் கீழே இருந்தது. அழித்தேன். மற்றது 0.3 மில்லிமீற்றர் அகலமான ஒரு ஓலைத்துண்டு. அதையும் தூக்கிவிட்டுப் பக்கத்து இரண்டையும் நீட்டி ஒன்றையொன்று வெட்டினேன். அதற்கு முதலே, புதிதாகத் திறந்த பைலில் டயக்னோஸ்டிக்ஸ் மிச்ச இடைவெளிகளில் அனேகமானதை மூடியிருந்தது. இரண்டை நானே பவுண்டரி சேர்பேஸ் போட்டு அடைத்தேன். 0.0025 இலேயே எல்லாம் ஒரே தோல். 100 பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது முகத்தில் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஆனால் திக்கன் இன்னும் ஏலாது.

மோல்ட்காரன்:

டூல்ஸில் செக் என்று ஒன்று இருக்கிறது, அதில் மினிமம் ரேடியஸ் (மிகச் சிறிய வளைவின் ஆரை) பாரும். எவ்வளவு?

வெள்ளவத்தைப் பொடியன்:

மேல் மூலையில் 1.8.

மோல்ட்காரன்:

அதுதான் கள்ளன். 1.8 ரேடியஸ் உள்ள வெளிவளைவை 2.5 உள்ளே தள்ளினால் வளைவு தன்னையே தாண்டிப் பின்பக்கம் மடிந்துவிடும். அந்த பிலட் (உருட்டிய மூலை) முகத்தை எடுத்துவிட்டுப் பக்கத்து முகங்களை நீட்டிக் கூர்மூலையாக வெட்டும். திரும்ப நிட், பிறகு திக்கன். சொலிட் வந்த பிறகு வெளியே 1.8 பிலட் போடும். உள்மூலைக்கும் ஒரு 0.5 போட மறக்க வேண்டாம், அக்ரிலிக் கூர்மூலையில் வெடிக்கும்.

வெள்ளவத்தைப் பொடியன்:

வந்துவிட்டது. உள்ளே 0.5 உம் போட்டேன். ஒரே குறை, வரைந்தவரின் ஸ்கேனில் இடது கவர் மட்டும்தான். வலதை மிரர் பண்ணிவிடலாம் என்றேன். பஞ்சிகாவத்தைக்காரர் பழைய கவரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்குரூ துளை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்கிறார்.