ஆராய்ச்சிக்காகப் போன இடத்தில் சந்தித்த மனிதர்கள் – மட்டக்களப்பு, அம்பாறை அனுபவங்கள்

வாவிக்கரை:

எங்கள் இரண்டு மாவட்டத்திலும் ஆராய்ச்சி செய்யப் போனவர்களும் இருக்கிறார்கள், ஆராய்ச்சி என்று வந்தவர்களுக்குத் திண்ணையில் பாய் விரித்துத் தேத்தண்ணி கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். கட்டுரை வெளிவரும்போது "உள்ளூர் மக்களின் உதவியுடன்" என்ற ஒரு வரியோடு அந்த மனிதர்களின் கதை முடிந்துவிடுகிறது. அவர்களைப் பற்றி இங்கே எழுதுவோம். நானே தொடங்குகிறேன்.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் என் இறுதியாண்டு ஆய்வு மட்டக்களப்பு வாவியின் உப்புத்தன்மை பற்றியது. சுமார் 56 கிலோமீட்டர் நீளமான வாவி கடலோடு சேர்வது இரண்டே இடத்தில்தான். ஒன்று பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரம், மற்றது தெற்கே கோட்டைக்கல்லாறு. கோடையில் வாயை மணல் மூடிவிடும். மாரியில் ஆறுகள் பெருகி வந்து வாவியை நிரப்பினால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல்கள் நீரில் தாழத் தொடங்கும். உடனே முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். மீன் பிடிக்கிறவர்களுக்கு அதே வாய் வேறு கணக்கு. இறால் குஞ்சு கடலிலிருந்து எப்போது உள்ளே ஏறும், வாவி மீன் எப்போது வெளியே போகும் என்பதெல்லாம் அந்த வாய் திறக்கிற நேரத்தில்தான் தங்கியிருக்கிறது.

எங்களைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போன ஐயா வீச்சுவலைக்காரர். உப்புமானியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேல்தண்ணிய மட்டும் அள்ளினா என்ன தெரியும் மனே? உப்பு அடியிலல்லவா கிடக்கும்?" உப்புநீர் பாரமானது, நன்னீருக்குக் கீழே நாக்குப் போல நுழையும் என்று பாடத்தில் படித்திருந்தோம். அதை அவர் வலையில் படித்திருந்தார். அடித்தண்ணீர் எடுக்க அவரே வழியும் சொன்னார். ஒரு சோடாப் போத்தலின் அடியில் கல்லைக் கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கையில் ஒரு நூல், கழுத்தில் ஒரு கயிறு. போத்தல் நிலத்தைத் தொட்டதும் நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே போகும். ஒரு ஆள் ஆழம்கூட இல்லாத இடத்தில் மேலே கிட்டத்தட்ட நன்னீர், கீழே நாக்கு கரிக்கிற உப்பு. அந்தப் போத்தலால் எடுத்த மாதிரிகள்தான் என் ஆய்வின் முதுகெலும்பு.

ஆய்வு முடிந்த பிறகு முடிவுகளைத் தமிழில் சுருக்கி எழுதிக்கொண்டு போய்த் தோணித்துறையில் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. கச்சான் காத்து அடிக்கிற நாளில தண்ணி மேலும் கீழுமாக் கலங்கிப் போகும். காத்தையும் எழுது" என்றார். கச்சான் என்பது இங்கே மேல்காற்று. அடுத்த வருடம் இன்னொரு மாணவிக்குக் கிடைத்த தலைப்பு அதுதான். ஆழம் குறைந்த களப்பில் காற்று நீரை எப்படிக் கலக்குகிறது என்பது. நான் வாசித்துக் காட்டப் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி வளாகத்துக்கு வந்தே இருக்காது.

---

புளியந்தீவு:

நான் வரலாறு படித்தவள். மட்டக்களப்புப் பட்டினம் எப்படி வளர்ந்தது என்பதைப் பழைய வரைபடங்களை இன்றைய படத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அதற்கு இரண்டு படத்திலும் இடம் மாறாமல் இருக்கிற புள்ளிகள் வேண்டும். கோட்டை நிற்பது எங்களுக்குப் பெரிய வரம். போர்த்துக்கேயர் 1628ல் கட்டியது, 1638 மே மாதம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. அதே மாதத்தில்தான் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பில் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கொத்தளங்களின் மூலைகளை வைத்துக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் படத்தைப் பொருத்திவிடலாம்.

கோட்டைக்கு வெளியேதான் சிக்கல். ஒழுங்கைகளுக்கும் வளவுகளுக்கும் அப்படி ஒரு படம் கிடைக்கவில்லை. காணி உறுதிகள்தான் கதி. எங்கள் உறுதிகளில் எல்லை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே: வடக்கே ஒழுங்கை, கிழக்கே ஆற்றங்கரை, தெற்கே இன்னாரின் வளவு, மேற்கே இன்னாரின் காணி, கிணற்றில் அரைப்பங்கு. இன்னார் யார் என்று தெரியாதவனுக்கு அந்தக் காகிதத்தால் ஒரு பயனும் இல்லை.

எனக்கு அதைத் திறந்து காட்டியவர் போர்த்துக்கேய வழிவந்த பறங்கிச் சமூகத்து அன்ரி ஒருவர். தச்சு வேலைக் குடும்பம். தகரப் பெட்டியிலிருந்து உறுதிக் கட்டை எடுத்துப் பாயில் பரப்பி, ஒவ்வொரு இன்னாரையும் ஆள், பட்டப்பெயர், தொழில், யார் யாரைக் கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். இடையிடையே தங்கச்சியோடு போர்த்துக்கேய மொழியில் சரிபார்த்துக்கொண்டார். அந்தப் பேச்சை 1970களில் இயன் ஸ்மித் ஆராய்ந்தார், பிறகு லிஸ்பனிலிருந்து ஹியூகோ கார்டோசோ வந்து ஆவணப்படுத்தினார். நான் அதைச் சொன்னதும் அன்ரி சிரித்தார். "பாஷையக் கேட்டு ஆக்கள் வாறது புதுசில்ல மகள். உறுதியக் கேட்டு ஒருத்தரும் வரல்ல."

அந்த அரைப்பங்குக் கிணறு இன்னும் இருக்கிறது. இரண்டு வளவுக்கும் நடுவே, மதில் அதன் மேலாகவே ஏறிப் போகிறது. கோட்டைக்கு வெளியே நான் முழு நம்பிக்கையோடு வைத்த முதல் புள்ளி அதுதான். படத்தை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலால் இரண்டு பெயரைத் திருத்தினார்.

---

சம்மாந்துறை:

வாவிக்கரை சொன்ன "வாசித்துக் காட்டுவது" என் விஷயத்தில் நேர்மாறாக நடந்தது. எனக்கு வாசித்துக் காட்டினார்கள்.

நான் படித்தது கணினி. ஏட்டுச் சுவடியை ஒளிப்படம் எடுத்து, எழுத்தைத் தானாக அடையாளம் காணச் செய்வது என் வேலை. அச்சுத் தமிழுக்கு இன்று ஓரளவு நல்ல கருவிகள் உண்டு. ஏடு அப்படியல்ல. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், எகரம் குறிலா நெடிலா என்று தெரியாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. உருவத்தை மட்டும் பார்க்கிற நிரல் ஒரு வரிக்குப் பல வாசிப்புகளைத் தந்துவிட்டு நின்றுவிடும்.

தெற்கே ஒரு ஊரில் கண்ணகி அம்மன் கோயில் பூசகரான கப்புகனார் ஒருவரின் வீட்டில் சுவடி இருந்தது. சடங்கில் பாடுகிற கண்ணகி வழக்குரை. முஸ்லிம் பிள்ளை போய்க் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று உம்மா பயந்தார். வாப்பாதான் கூட்டிப் போனார். கப்புகனார் "வாங்க மகள்" என்று திண்ணையில் வெள்ளைச் சீலை விரித்து ஏட்டை வைத்தார். எழுத்து மங்கியிருந்தது. எண்ணெயில் குழைத்த கரியை ஏட்டில் தடவி, துணியால் மெல்லத் துடைத்தார். மேல்பரப்பில் கரி போக, கீறலுக்குள் மட்டும் தங்கி எழுத்துக் கறுப்பாக எழுந்து வந்தது. பிறகு ஏட்டைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினார். வைகாசிச் சடங்கில் வருடாவருடம் பாடுகிறவர், ஓசை பிசகினால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

நான் அந்தப் பாட்டைப் பதிவு செய்து, வரிக்கு வரி ஏட்டுப் படத்தோடு இணைத்தேன். உருவம் தந்த பல வாசிப்புகளில் எது ஓசைக்குப் பொருந்துகிறதோ அதை நிரல் எடுத்துக்கொள்ளும். சொல்ல இரண்டு வரி. செய்வதற்கு என் இரண்டு கண்ணும் போனது. ஆனால் அதற்குப் பிறகுதான் நிரல் வாசிக்கத் தொடங்கியது. பாடத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு சுவடியோடும் ஒரு குரலையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்பதை நான் யாரிடமும் கெஞ்சிக் கேட்பேன். ஏடு இன்னும் நூறு வருடம் இருக்கலாம்.

---

மருதமுனை:

நான் ஆராய்ச்சி செய்தவன் இல்லை, ஆராயப்பட்டவன். அதனால் மற்றப் பக்கத்தையும் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரைக்கு வராத குழு இல்லை. முதலில் வந்தவர்கள் அளவுக்காரர்கள். 2005 ஜனவரியிலேயே சர்வதேச ஆய்வுக்குழு இலங்கைக் கரையோரம் அளந்து, முடிவுகளை அந்த வருடமே சயன்ஸ் இதழில் வெளியிட்டது. அளக்கிறவர்கள் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. சுவரில் சேற்றுக்கோடு எங்கே நிற்கிறது? அது வெள்ளம் நின்ற உயரமா, தெறித்த உயரமா? எத்தனை அலை, எது பெரியது? கடிகாரம் எத்தனை மணிக்கு நின்றது? வளவுக்குள் எவ்வளவு மணல் படிந்தது? துக்கத்தைக் கிளறாமல், நான் கண்ணால் கண்டதை ஒரு சாட்சியாக மதித்துக் கேட்ட கேள்விகள். யன்னலுக்கு மேலே இருந்த சேற்றுக்கோட்டைக் காட்டினேன். மட்டப்பலகை வைத்து அளந்தார்கள். அந்த அளவுகளிலிருந்துதான் அடுத்த அலை எதுவரை வரும் என்ற கணிப்புகளைச் சரிபார்க்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்புறம் வந்தவர்கள் வினாக்கொத்துக்காரர்கள். எத்தனை பேர் மௌத் (இறப்பு), யார் யார், இரவில் தூக்கம் வருகிறதா, 1 முதல் 5 வரை சொல்லுங்கள். ஒரு குழு போக அடுத்த குழு, அதே கேள்வி. என் ராத்தா (அக்கா) பிள்ளைகளை இழந்தவர். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொன்னார். ஒரு குழுவாவது திரும்பி வந்து "நீங்கள் சொன்னதிலிருந்து இதுதான் தெரியவந்தது" என்று சொல்லவில்லை. கடைசியில் அவர் கதவைத் திறப்பதையே நிறுத்தினார். இதை வாசிக்கிற மாணவர்கள் யாராவது வினாக்கொத்தோடு ஒரு வீட்டுக்குப் போகிறீர்களானால், முதலில் அந்தத் தெருவில் முன்பு யார் வந்து என்ன கேட்டார்கள் என்று விசாரியுங்கள்.

---

நாவிதன்வெளி:

மருதமுனைக் காக்கா (அண்ணன்) சொன்னது நெஞ்சில் குத்துகிறது. மாறாக ஒன்று எனக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன்.

1949ல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில் வாய்க்காலின் கடைசிப் பக்கம் நாங்கள். திட்டத்தின் பெரிய குளமான சேனநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் இருந்தாலும் எங்கள் வயல் வட்டைக்கு வராது. 1980களின் தொடக்கத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்து நோர்மன் அப்ஹொஃப் குழுவினரும் கொழும்புக் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் சேர்ந்து செய்த வேலையில், படித்த இளைஞர்களை வினாக்கொத்தோடு அனுப்பவில்லை. ஊரிலேயே குடியிருக்க அனுப்பினார்கள். விவசாயிகள் கூடி வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறை வைத்து நீர் பாய்ச்சினார்கள். மேல்பக்கத்துச் சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே இருந்த தமிழ் பேசும் விவசாயிகளுக்கு விட்டதும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. என் அப்பா வயலுக்கு நீர் பங்கிடுகிற வட்டவிதானையாக இருந்தவர். "கேள்வி கேட்டவன் மறுகா மண்வெட்டியும் பிடிச்சான்" என்று அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார்.

---

கல்லடி:

பொறியியல் மாணவன். வாவிக்கு அடியிலிருந்து கேட்கிற பாடும் மீன் ஒலி பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே.

இலங்கையின் பிரித்தானியக் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் 1848 செப்டம்பரில் இங்கே வந்தபோது, கோட்டைக்கு அருகே தோணியில் போய், தோணிப் பலகையில் காதை வைத்து அந்த ஒலியைக் கேட்டு எழுதியிருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பது போன்ற ஓசை என்றார். மீனவர்கள் அவருக்குக் கொண்டுவந்து காட்டியது ஊரிகளை, அதாவது ஓடுள்ள நத்தை வகைகளை. மீனா ஊரியா என்ற கேள்வி அப்போதே இருந்திருக்கிறது. காரைதீவில் 1892ல் பிறந்த விபுலானந்த அடிகளாரும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரிதான். 1947ல் யாழ் நூலில் நரம்புகளின் சுருதியைக் கணக்குப் போட்டுக் காட்டியவரின் ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு இந்த ஒலியை நாங்கள் ஒழுங்காக அளக்காமல் இருக்கக் கூடாது.

பீசோத் தகட்டை எபொக்சியில் மூடி நீரொலிவாங்கி செய்திருக்கிறேன், ஒலிப்பதிவுக் கருவியும் உண்டு. படகு இயந்திரம் இருந்தால் எல்லாம் கெட்டுவிடும், கைத்தோணிதான் வேண்டும். வாவிக்கரை அண்ணே, அந்த வீச்சுவலை ஐயா இன்னும் தொழிலுக்குப் போகிறாரா? எந்த இடத்தில், எந்த மாதத்தில் நங்கூரம் போட வேண்டும் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். பதிவையும் வரைபையும் அவருக்கும் கொண்டுவந்து காட்டுவேன்.

---

வாவிக்கரை:

போகிறார் தம்பி, மகனோடு. விடிய வந்தால் துறையில் பிடிக்கலாம். சோடாப் போத்தலையும் கொண்டுவா, ஒலி கேட்கிற இடத்து அடித்தண்ணீரையும் எடுத்துவிடுவோம்.