கற்றாழை தண்ணீரா, இல்லையா?

நானுஓயாக்காரி: போன வாரம் தலவாக்கலை அக்கா இங்கே எழுதியது: "தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய், கற்றாழைச் சோறு. மூன்றையும் அடித்தால் எந்தத் தோலுக்கும் லோஷன் ரெடி. தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை, ஆறு மாதம் கெடாது." நம்பிச் செய்தேன். பன்னிரண்டாம் நாள் மூடியின் உள்பக்கம் பச்சைப் புள்ளி. கற்றாழையில் நூற்றுக்கு 98 பங்கு தண்ணீர்தானே அக்கா?

தலவாக்கலை அக்கா: தங்கச்சி, நான் குழாயையே திறக்கவில்லை. தண்ணீர் வேறு, கற்றாழை வேறு. இரண்டு வைட்டமின் ஈ மாத்திரை உடைத்து ஊற்றச் சொன்னேனே, ஊற்றினீர்களா? அதுதான் காவல்.

பதுளை பாமசி: வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத்தான் தள்ளிப்போடும். பூஞ்சணத்தையும் கிருமியையும் தடுக்காது. தண்ணீர் உள்ள எதற்கும் ஃபீனாக்ஸிஎத்தனால் மாதிரி கெடாமல் காக்கும் பொருள் ஒன்று வேண்டும், அதுவும் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாமல். அப்புறம், தேன்மெழுகு மட்டும் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்காது. அதற்கென்றே எமல்சிஃபையர் மெழுகு இருக்கிறது.

தலவாக்கலை அக்கா: அதில் தண்ணீரே இல்லை என்கிறேன்! பாமசிக்காரருக்குப் போத்தல் விற்க வேண்டும், பாவம். என்னுடையது மூன்று மாதமாக அலுமாரியில் இருக்கிறது, பிரியவே இல்லை.

நானுஓயாக்காரி: எப்படிப் பிரியும்? தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே கட்டியாகிவிடும். நம் பக்கம் மார்கழியில் போத்தலைக் கவிழ்த்தாலும் விழாது. பிரிந்ததும் தெரியாது. வெக்கையான மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் ஒரு நாள் வைத்துப் பாருங்கள்.

ஹட்டன் தம்பி: ஹட்டனிலும்தான் எண்ணெய் உறைகிறது. குளிரை நானுஓயாவுக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டார்களா?

நானுஓயாக்காரி: 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவுக்கு ரயிலில் வருகிறவர் எங்கள் ஸ்டேஷனில்தான் இறங்க வேண்டும் தம்பி. ஸ்வெட்டரோடு வாருங்கள், பேசுவோம்.

ஹட்டன் தம்பி: சரி சரி. எங்கள் அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்தால் விரல் நுனியெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் கறுப்பாகக் கறை ஏறியிருக்கும். மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் நாலு பங்கு உருக்கி ஒரு டின்னில் ஊற்றி வைப்பேன். கற்றாழையும் கிடையாது, சண்டையும் கிடையாது.

தலவாக்கலை அக்கா: அது களிம்பு. நான் சொன்னது லோஷன். வித்தியாசம் தெரியாதவர் வாயை மூடலாம்.

பண்டாரவளை பிள்ளை: எனக்கு எண்ணெய் வடிகிற முகம். அக்காவின் லோஷன் நாலு நாள் பூசினேன், நெற்றி முழுக்கப் பரு. எந்தத் தோலுக்கும் என்றீர்களே?

பதுளை பாமசி: தேங்காய் எண்ணெய் சிலருக்குத் துவாரத்தை அடைக்கும். உங்களுக்கு எண்ணெய் குறைத்து, கிளிசரின் நூற்றுக்கு மூன்று நாலு பங்கு சேர்த்த லேசானது போதும்.

தலவாக்கலை அக்கா: முகம் கழுவத் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய? கற்றாழை தண்ணீர் என்றால் பூசணிக்காயும் தண்ணீர்தான். பூசணிக்காயில் யாராவது குளிக்கிறார்களா?

நானுஓயாக்காரி: தீபாவளிக்கு நீங்கள் விற்ற சவர்க்காரத்தில் குளித்தவர்களைக் கேளுங்கள். எனக்கு இன்னும் கை எரிகிறது. காசும் திரும்பவில்லை.

தலவாக்கலை அக்கா: பழைய கணக்கு இங்கே வேண்டாம். அந்தச் சவர்க்காரத்தைத் தோட்டமே வாங்கியது, உங்கள் ஒரு கைதான் எரிந்தது. நாளைக்கு என் போத்தலைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

நானுஓயாக்காரி: மூடியையும் கழற்றி எடுங்கள்.

தலவாக்கலை அக்கா: அதில் தண்ணீர் இல்லை.

ஹட்டன் தம்பி: அக்கா, தேன்மெழுகு எங்கே வாங்குகிறீர்கள்?

தலவாக்கலை அக்கா: களிம்புக்காரருக்குச் சொல்ல மாட்டேன்.