போக்கரில் சின்னச் சோடி கையில் வந்தால் கோல் செய்வதா, ஓல் இன் போவதா?

வடலி:

அன்பர்களுக்கு வணக்கம். கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை இரவுகளில் ஒன்பது பேர் கூடி, காசு வைக்காமல், பிளாஸ்ரிக் சிப்புகளை மட்டும் வைத்து நோ லிமிற் ஹோல்டெம் போக்கர் சுற்றுப்போட்டி நடத்திவருகிறோம். ஆளுக்கு 20,000 சிப்புடன் தொடங்குவோம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைன்ட் (சீட்டுப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) ஏறும். முதல் மூவருக்கு எல்லோரும் சேர்ந்து வாங்கும் சிறு பரிசு உண்டு. 304 சீட்டாட்டம் விளையாடி வளர்ந்த எனக்கு, 2-2 முதல் 6-6 வரையான சோடிகளை எப்படிக் கையாள்வது என்பது ஆறு மாதமாகியும் பிடிபடவில்லை.

சென்ற வாரம் சின்ன பிளைன்டும் பெரிய பிளைன்டும் 500/1,000 ஆக இருந்தபோது என்னிடம் 18,000 இருந்தது. முதலில் பேசவேண்டியவர் தொகையை 2,500க்கு உயர்த்தி ரெய்ஸ் செய்தார். அவரிடம் என்னிடம் இருந்ததைவிட அதிகம் இருந்தது. நான் 4-4 உடன் அதே தொகையை வைத்துக் கோல் செய்தேன், மற்றவர்கள் விலகிவிட்டார்கள். ஃபுளொப்பில் (மேசையில் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டுகளில்) இராசா, 9, 7 விழுந்தன. அவர் 3,500 வைத்தார், நான் சீட்டை விட்டு ஃபோல்ட் செய்தேன். சிறிது நேரத்துக்குள் இதுவே 2-2 உடனும் 5-5 உடனும் நடந்தது. பிளைன்டும் போக 9,000 தான் மிஞ்சியது. அதன் பிறகு நான் டீலர் இடத்தில் (எனக்குப் பின்னால் பிளைன்ட் வைத்த இருவர் மட்டும்) இருக்க, எனக்கு முன்னால் எல்லோரும் விலகிய வேளையில் 3-3 வந்தது. பயத்தில் அதையும் ஃபோல்ட் செய்துவிட்டேன். அந்த ஒன்றைத்தான் ஆடியிருக்கவேண்டும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எது சரி?

கரவெட்டி வாத்தியார்:

தம்பி, மூன்று முறையும் நீங்கள் விட்டது ஒரே பிழைதான். சோடியில் குறையில்லை, அதற்குக் கோல் செய்யப் போதுமான சிப்பு உங்களிடம் இருக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். கையிலுள்ள இரண்டும் போக 50 சீட்டுகள் உள்ளன. உங்களுக்கு வேண்டிய 4 அவற்றில் இரண்டே இரண்டு. ஃபுளொப்பின் மூன்று சீட்டுகளும் 19,600 விதமாக விழலாம். அவற்றில் 17,296 விதங்களில் அந்த இரண்டில் ஒன்றுகூட இராது. செற்றோ (ஒரே எண்ணில் மூன்று) அதைவிடப் பெரியதோ அமைவது எஞ்சிய 2,304 விதங்களில் மட்டும், அதாவது 11.8 சதவீதம், எட்டரை முறைக்கு ஒருமுறை.

இனி உங்கள் 4-4க்கு வாருங்கள். ஏழரை முறை 2,500 வீதம் இழந்தால் 18,750 போய்விடும். செற் அமையும் அந்த ஒரு முறையில் அவர் ஏற்கெனவே வைத்த 2,500, பிளைன்டாகக் கிடந்த 1,500, உங்களிடம் மிச்சமுள்ள 15,500க்கு ஈடாக அவர் போடக்கூடிய 15,500, எல்லாம் சேர்ந்து 19,500 வரும். செற் அமைந்த ஒவ்வொரு தடவையும் அவர் அவ்வளவையும் தள்ளி, ஒரு தடவைகூட உங்களை முந்தாமல் இருந்தால்தான் 750 சிப்பு மிஞ்சுகிறது. அப்படித் தருபவர் எவரும் இல்லை. அவர் கையில் இராசா இல்லையென்றால் உங்கள் முதல் ரெய்ஸுக்கே விலகிவிடுவார்.

ஆகவே, கோல் செய்யும் தொகையைப்போல் குறைந்தது 15 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு, இருவரில் குறைவாக வைத்திருப்பவரிடம் இருந்தால் மட்டுமே செற்றை நம்பிப் போகலாம். உங்கள் போட்டியின் தொடக்கத்தில் பிளைன்ட் 50/100 என்றால் 20,000 என்பது 200 பெரிய பிளைன்ட். அப்போது 300க்குக் கோல் செய்வது தாராளமாகத் தகும். 304இல் ஜாக்குக்கு 30 புள்ளி என்றால் முதற்கையிலும் கடைசிக்கையிலும் 30 தான். இங்கே அதே 4-4இன் பெறுமதி சிப்பு கரையக் கரைய மாறிவிடுகிறது. 304 பழகியவர்களுக்கு முதலில் இடறுவது இந்த இடத்தில்தான் என்பதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

நல்லூரான்:

வாத்தியார் ஐயா சொன்னதோடு 3-3 பற்றிய என் கருத்தையும் சேர்க்கிறேன். உங்கள் நண்பர் சொன்னதே சரி. ஒன்பது பெரிய பிளைன்ட் மட்டும் உள்ளபோது செற்றைப் பற்றி யோசிக்கவே கூடாது. ஒன்றில் சிப்பு முழுவதையும் தள்ளும் ஓல் இன், அல்லது ஃபோல்ட். நீங்கள் தள்ளியிருந்தால் எஞ்சிய இருவரும் விலகுவதற்கே வாய்ப்பு அதிகம். விலகினால் ஃபுளொப் பார்க்காமலே 1,500, அதாவது உங்கள் சிப்பில் ஆறிலொரு பங்கு, கைக்கு வந்துவிடும். ஒருவர் ஆஸ்-இராசாவுடன் வந்தாலும் உங்களுக்கு ஏறத்தாழ 52 சதவீதம் உண்டு. 10-10 போன்ற பெரிய சோடியுடன் வந்தால்தான் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும்.

ஆனால் இன்னொருவர் ஓல் இன் போனபின் 3-3 உடன் கோல் செய்வது வேறு விடயம். அவர் விலக வழியே இல்லாததால் பூவா தலையா என்ற நிலைதான் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல நிலை. அதிலும் ஓர் அபாயம் உண்டு. அவரிடம் ஆஸ்-இராணி, பலகையில் (மேசையில் விரித்த ஐந்து பொதுச் சீட்டுகளில்) 9-9-6-6-8 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சோடி எதுவும் சேரவில்லைத்தான். ஆயினும் உங்கள் 3-3 பயனற்றுப்போய், 9-9-6-6 இருவருக்கும் பொதுவாகி, அவர் ஐந்தாவது சீட்டான ஆஸால் வென்றுவிடுவார். 2-2க்கும் 3-3க்கும் இது அடிக்கடி நேர்வது.

மேப்பிள் யாழ்:

நல்லூரான் அண்ணா சொன்னதில் ஒன்றுக்கு நிபந்தனை போட விரும்புகிறேன். தள்ளுவதற்கு முன் பெரிய பிளைன்டில் இருப்பவர் யார் என்று பார்க்கவேண்டும். எங்கள் மேசையிலும் சிப்பு குவிந்தவுடன் எதையும் கோல் செய்யும் ஒருவர் இருக்கிறார். அவர் அந்த இடத்தில் இருந்தால் விலகச் செய்து வெல்லும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

பரிசு மூவருக்கு என்பதால் நால்வர் எஞ்சும் கட்டத்தையும் தனியாக நினைக்கவேண்டும். இருவரிடம் ஆளுக்கு மூன்று பெரிய பிளைன்ட், உங்களிடம் பன்னிரண்டு, மற்றவரிடம் மிச்சம் எல்லாம் என்றிருக்க அவர் ஓல் இன் போகிறார், உங்களிடம் 5-5. வேறு வேளையில் நானும் யோசித்திருப்பேன். இங்கே யோசிக்காமல் ஃபோல்ட் செய்துவிடவேண்டும். அந்த இருவரில் ஒருவர் விரைவில் விழுவார், பரிசு உங்களுக்கு வந்துவிடும்.

வடலி:

மூவருக்கும் மிக்க நன்றி. 750 சிப்புக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தபோது தலை சுற்றியது. 6-6ஐயும் இந்த வரிசையில் சேர்ப்பதா என்பது மட்டும் பாக்கி.

கரவெட்டி வாத்தியார்:

சேருங்கள். ஃபுளொப்பில் 6ஐவிடப் பெரிய சீட்டு ஒன்றுகூட விழாமல் இருப்பது 4 சதவீதம்தான். 9-9 என்றால் அது 21 சதவீதமாகவும், 10-10 என்றால் 30 சதவீதத்துக்கு மேலாகவும் ஏறுகிறது. 7-7உம் 8-8உம் இடைப்பட்டவை. முதலில் பேசுபவர் ரெய்ஸ் செய்திருந்தால் அவற்றையும் நான் சின்னச் சோடியாகவே ஆடுவேன்.