மறு: வண்டியில் ஆடியோவுக்குத் தேறும் மின்சாரம் – சொல் வேண்டும்

(மண்டபத்திலிருந்து)

குழுவினருக்கு வணக்கம்.

> என்ஜினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தருவதில் வண்டி தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது போக, புதிதாகப் பூட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு எவ்வளவு தேறும்? அந்த அளவுக்கு ஒரு சொல் வேண்டும். ‘மின்கொள்திறன்’ சரிப்படுமா?

நல்ல கேள்வி தம்பி. நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்காகத் தயாராகும் கையேட்டில் இந்த ஒரு சொல் சரியாக அமைந்துவிட்டால், ஆடியோ பற்றிய பகுதியில் பாதி தானாக விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

மின்கொள்திறன் வேண்டாம். கொள்வது என்றால் உள்ளே வைத்துக்கொள்வது. அது பேட்டரிக்கும் மின்தேக்கிக்கும் (கெப்பாசிட்டர்) பொருந்தும். என்ஜின் ஓடும்போது ஆடியோவுக்குத் தொடர்ந்து மின்சாரம் கொடுக்க வேண்டியது ஆல்டர்னேட்டர். (நம் பட்டறைகளில் இன்னமும் டைனமோ என்று சொல்பவர்கள் உண்டு.) பேட்டரி இடையில் கொஞ்சம் கொடுத்தாலும், பிறகு அதை நிரப்ப வேண்டியதும் அதே ஆல்டர்னேட்டர்தான். 35 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கழற்றிவிட்டு 65 போட்டால், என்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கும் நேரம் நீளும். மற்றபடி ஓடும் வண்டியில் ஆல்டர்னேட்டரின் எல்லை ஒரு ஆம்பியர்கூட உயராது. இது தெரியாமல் பெரிய பேட்டரிக்குப் பணத்தைப் போட்டுவிட்டு, ‘அப்படியும் லைட் மங்குதே’ என்று வருகிறவர்கள் நிறையப் பேர். நாம் வைக்கும் சொல் அந்தக் குழப்பத்துக்குத் துணை போகக் கூடாது. ‘மின் கையிருப்பு’ என்ற யோசனையையும் இதே காரணத்தால்தான் ஏற்க முடியவில்லை.

> கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிவதை நம் ஊரில் மறுகால் என்போம். ‘மின்மறுகால்’ என்று வைக்கலாமே?

48 மடைக் கண்மாயைப் பார்த்து வளர்ந்த இராஜசிங்கமங்கலத்து நண்பரிடமிருந்து இப்படி ஒரு சொல் வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. வண்டியின் தேவை நிறைந்த பிறகே ஆடியோவுக்கு என்ற முறை அதில் அழகாக வந்துவிடுகிறது. ஆனால் மறுகால் என்பது ஏற்கெனவே வழிந்து ஓடும் நீர். ஆல்டர்னேட்டரில் வழிவது என்று எதுவும் இல்லை. கேட்டால்தான் தரும். சுமை ஏற ஏற ரெகுலேட்டர் காந்தப்புலத்தைக் கூட்டி, மின்னழுத்தத்தை 14 வோல்ட்டை ஒட்டி நிறுத்தப் பார்க்கும். தன் எல்லையைத் தொட்டதும் அதற்கு மேல் முடியாமல் மின்னழுத்தம் சரியும். பேட்டரி கைகொடுப்பதும், பாட்டில் பேஸ் (கனத்த தாழ் ஒலி) விழும்போதெல்லாம் ஹெட்லைட் துடிப்பதும் அப்போதுதான். ஆகவே நமக்கு வேண்டிய சொல், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் குறிக்கக் கூடாது. இன்னும் எவ்வளவு கேட்கலாம் என்பதைக் குறிக்க வேண்டும். ‘உபரி ஓட்டம்’, ‘மிகையோட்டம்’ இரண்டும் இதனாலேயே அடிபடுகின்றன. மிகையோட்டம் என்றால் உருகி (ஃபியூஸ்) எரிவதற்குக் காரணமான மின்னோட்டம் என்று வேறு பொருள் வந்துவிடும்.

என் பரிந்துரை: மின்மீதி.

கழித்தல் கணக்குப் போட்டவர் எல்லாருக்கும் தெரிந்த சொல் மீதி. ‘மின்மிச்சம்’ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மிச்சம் பிடிப்பது என்றால் சிக்கனம் ஆகிவிடுகிறது. மீதிக்கு அந்தச் சாயல் இல்லை. இன்னொரு வசதி, கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் பற்றாக்குறை என்ற சொல் தயாராக இருக்கிறது.

இப்போது முக்கியமான இடம். மின்மீதியை எந்த நிலையில் கணக்கிடுவது? 75 ஆம்பியர் என்று ஆல்டர்னேட்டரில் எழுதியிருந்தால், அது வேகமாகச் சுழலும்போது கிடைப்பது. ஐடிலிங்கில் (வண்டி நகராமல் என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) அதில் ஏறக்குறைய பாதிதான் வரும். சூடேறினால் அதுவும் குறையும். நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆடி அமாவாசைக் கூட்டத்தில் பாம்பன் பாலத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். விடியாத நேரம். ஹெட்லைட் இரண்டும் 55 வாட், சேர்த்து 110 வாட், அதாவது 8 ஆம்பியர். ஏசி ஓடுகிறது, அதன் காற்றாடியும் கிளட்சும் சேர்ந்து 12 என்று வைப்போம். ரேடியேட்டர் ஃபேன் 10. எரிபொருள் பம்ப், இக்னிஷன், கணினி எல்லாமாக 10. மொத்தம் 40. ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கில் தருவது 38. ஆடியோவைத் தொடுவதற்கு முன்பே 2 ஆம்பியர் பற்றாக்குறை! அதே கார் நெரிசல் தாண்டி வேகமெடுத்ததும் 65 வரை கிடைக்கும், எதிர்க்காற்றில் ரேடியேட்டர் ஃபேனும் நின்றுவிடும், மின்மீதி 35 ஆகிவிடும். ஒரே வண்டி, ஒரே பாட்டு. ஆகவே ‘இந்த வண்டியின் மின்மீதி இவ்வளவு’ என்று மொட்டையாக எழுதக் கூடாது. ‘வெற்றோட்ட மின்மீதி’, ‘சாலை மின்மீதி’ என இரண்டாகக் கொடுக்க வேண்டும். பட்டறையில் ‘ஐடிலிங் மீதி’ என்று சொன்னால் போதும்.

அளவை ஆம்பியரில்தான் சொல்ல வேண்டும் என்பதும் என் பிடிவாதம். வாட் என்ற சொல்லைக் கடைக்காரர்கள் உபயோகமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். பெட்டியில் 2000 வாட் என்று இருக்கும். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் பார்த்தால் ஒரே ஒரு 30 ஆம்பியர் உருகி. 30-ஐ ஓடும் வண்டியின் 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 414 வாட். அதற்கு மேல் உள்ளேயே தொடர்ந்து போக முடியாதபோது வெளியே எங்கிருந்து 2000 வரும்? அந்த 414-லும் ஆம்ப்ளிஃபயர் டி வகுப்பு (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை) என்றால் சுமார் 80 சதவீதம் ஒலியாகப் போகும், ஏபி வகுப்பு (அதிகம் சூடாகும் வகை) என்றால் பாதியைக் கொஞ்சம் தாண்டும், எஞ்சியது வெப்பம். மேலே சொன்ன 35 ஆம்பியர் மீதிக்கு, டி வகுப்பில் 380 வாட் ஆர்.எம்.எஸ். (பெட்டியில் போடும் உச்ச அளவு அல்ல, நிலையாகக் கிடைக்கும் அளவு) தொடர்ந்து எடுக்கலாம். பாட்டு எப்போதும் உச்சத்தில் நிற்பதில்லை, சராசரி இழுப்பு மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால் கொஞ்சம் பெரிய ஆம்ப்ளிஃபயரும் ஓடும். பேஸ் பிரியர்களுக்கு இந்தச் சலுகையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மின்தேக்கியைப் பற்றி ஒரு வரி. 1 ஃபாரட் மின்தேக்கி 14-லிருந்து 12 வோல்ட் வரை இறங்கும்போது தருவது 26 ஜூல். 600 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குக்கூடப் போதாது. மின்மீதி அதனால் உயராது என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

அன்புடன்.

(கீழக்கரையிலிருந்து)

அண்ணனுக்கு வணக்கம். மின்மீதி எனக்குச் சம்மதம். பட்டறையில் ‘மீதி எவ்வளவு நிக்குது?’ என்று கேட்பது வாய்க்கு வருகிறது.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நம் கரையில் ஆல்டர்னேட்டரில் மீதி இருந்தும் அது ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ச் சேராத வண்டிகள் அதிகம். உப்புக்காற்றில் டெர்மினலில் பச்சை பூத்துவிடுகிறது. எர்த் கொடுத்த போல்ட் துருப்பிடித்துவிடுகிறது. 0.02 ஓம் கூடுதல் தடை வந்தாலே 50 ஆம்பியரில் 1 வோல்ட் போய்விடும், 50 வாட் அந்த இணைப்பிலேயே சூடாகும். விலை குறைவு என்று செம்பு பூசிய அலுமினிய வயரைப் போடுகிறார்கள். அலுமினியம் செம்பைப் போல 60 சதவீதம்தான் கடத்தும். வெட்டிய முனையில் உப்பு ஈரம் பட்டால் சீக்கிரமே வெள்ளையாக அரித்துவிடும். இந்த இழப்பையும் மின்மீதியில் கழிக்க வேண்டுமா? வேறு சொல்லா?

அளப்பது எப்படி என்றும் எழுதுங்கள். பையன்கள் வோல்ட் மீட்டரை வைத்துவிட்டு 12.8-க்கு மேல் இருந்தால் சரி என்கிறார்கள். புதிய வண்டிகளில் சார்ஜிங்கைக் கணினியே கூட்டிக் குறைப்பதால் அந்தக் கணக்கு ஏமாற்றுகிறது.

(மண்டபத்திலிருந்து)

தம்பி, நீங்கள் சொல்வது சரி. வேறு சொல்லாகவே வைப்போம்: வழியிழப்பு. இரண்டையும் ஒன்றாக்கினால் வயரை மாற்ற வேண்டிய இடத்தில் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்லிவிடுவோம். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவ், பேட்டரி நெகட்டிவிலிருந்து சேசிஸ் (வண்டியின் உலோகச் சட்டம்), என்ஜினிலிருந்து சேசிஸ் ஆகிய மூன்று வயர்களைத் தடிமனாக்குவது வழியிழப்பைக் குறைக்கும், மின்மீதியைத் தொடாது.

அளப்பதற்கு, வயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தைக் காட்டும் டிசி கிளாம்ப் மீட்டர்தான் நம்பகமானது. என்ஜின் சூடேறி ஐடிலிங்கில் இருக்க, ஏசி, ஹெட்லைட், ஆடியோ எல்லாம் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரில் மாட்டுங்கள். பேட்டரிக்குள் மின்னோட்டம் போனால் மீதி இருக்கிறது. வெளியே வந்துகொண்டே இருந்தால் பற்றாக்குறை. கணினி சார்ஜிங் வண்டி சில நேரம் வேண்டுமென்றே பேட்டரியிலிருந்து எடுக்கும் என்பதால், சில நிமிடம் விட்டுப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். அந்த வண்டிகளில் ஆம்ப்ளிஃபயர் எர்த்தை பேட்டரி நெகட்டிவ் முனையில் நேரடியாகக் கொடுக்காமல் சேசிஸில் கொடுக்கச் சொல்லுங்கள். நெகட்டிவில் இருக்கும் சென்சார் வழியாகப் போனால்தான் எவ்வளவு இழுக்கிறோம் என்று கணினிக்குத் தெரியும்.

கையேட்டுக்கு என் வரைவு:

மின்மீதி – குறிப்பிட்ட என்ஜின் வேகத்தில், சூடேறிய நிலையில் ஆல்டர்னேட்டர் தரக்கூடிய மின்னோட்டத்தில் வண்டியின் சொந்தத் தேவை போகக் கூடுதலாக இழுக்கக்கூடிய அளவு. ஆம்பியரில் சொல்லப்படும். வெற்றோட்டத்துக்கும் சாலை வேகத்துக்கும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

‘வெற்றோட்டம்’ என்பதைவிட எளிய சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அதில் எனக்கு இன்னும் மனம் நிறையவில்லை.